அமுக்கிப் பார்க்கிறவள்

அவளால் எதையும் அமுக்கிப் பார்க்காமல் இருக்க முடியாது.

பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் கொய்யாப்பழம் விற்கிற அம்மாவிடம் தினமும் திட்டு வாங்குவாள். வாங்குவது ஒரு பழம், அமுக்குவது பத்துப் பழம். "வாங்குனா வாங்கு, இல்லாங்காட்டி போய்க்கினே இரு. நீ அமுக்கி வெச்சிட்டுப் போறத எவ வாங்குவா?" என்று அந்தம்மா கத்தும். இவள் சிரித்துக்கொண்டே பதினோராவது பழத்தில் கட்டைவிரலை வைப்பாள். ரயிலில் ஏறினால் ஜன்னல் ரப்பரை அமுக்குவாள். நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் என் இட்லியை அமுக்குவாள். குழி விழுந்த இட்லியை அவளுக்கே கொடுத்துவிடுவேன். அதற்காகத்தான் அமுக்கினாளோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. காலையில் என்னைப் பார்த்ததும் முதல் வேலையாக முழங்கைக்கு மேலே என் சதையைப் பிடித்து ஒரு அமுக்கு. "இன்னாடி, எளச்சிட்டியா?" அதற்குப் பிறகுதான் வேறு பேச்சு.

ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள்மேல் பொறாமை. இருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதினால் மரியாதையாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். அவள் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் இணையத்தில் தேடுவீர்கள். அவள் எழுதிய கட்டுரைகள், அவள் மேடையில் மைக் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் எல்லாம் வரும். அதற்கு நான் வழி செய்து கொடுப்பானேன்?

நாங்கள் இரண்டு பேருமே எம்.எஸ்ஸி. இயற்பியல், வேறு வேறு கல்லூரி. சந்தித்துக்கொண்டது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், லாரிகளுக்கு ஷாஃப்ட் செய்கிற ஒரு கம்பெனியின் லேபில். நான் அவளைவிட ஆறு மாதம் சீனியர். எங்கள் வீடு பொன்னேரிக்குப் பக்கத்தில், சொந்த நிலம், வருஷத்துக்கு இரண்டு போகம் நெல். அவள் பழவேற்காட்டில் ஏரியோரக் குப்பம். அப்பா ஏரியில் வலை போடுகிறவர், அம்மா பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து என்னோடு ரயில் ஏறுவாள்.

இந்த அமுக்குகிற பழக்கம் அவளுக்கு அம்மாவிடமிருந்து வந்தது. ஒரு நாள் என்னை மார்க்கெட்டுக்கு இழுத்துப்போய், கூடையிலிருந்த ஒரு மடவை மீனில் கட்டைவிரலை அழுத்தி எடுத்துக் காட்டினாள். "கண்ணப் பாத்து மீன் வாங்காதடி. இப்பிடி அமுக்கு. வெரல எடுத்ததும் பள்ளம் ரொம்பிடிச்சின்னா இன்னிக்கு மீனு. பள்ளம் அப்பிடியே நின்னுக்கினு இருந்தா முந்தாநாளு."

அவள் அம்மா கையிலிருந்த கத்தியாலேயே அவளை அடிக்கப் போவதுபோல் ஓங்கினார். "அத்த ஏண்டி ஊருக்கெல்லாம் கத்துக் குடுக்குற? நாளைக்கு அது வந்து என்னாண்டயே அமுக்கும்!" என்று சொல்லிவிட்டு, எனக்கு இரண்டு மீனை அள்ளிப் பையில் போட்டார்.

லேபில் எங்கள் வேலையே அமுக்குவதுதான். ஷாஃப்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி, முகத்தைத் தேய்த்து, ஹார்ட்னெஸ் மிஷினில் வைப்போம். பத்து மில்லிமீட்டர் டயா, அதாவது விட்டம், உள்ள ஒரு குண்டு, மூன்று டன் அழுத்தத்தோடு அதன்மேல் இறங்கும், சில விநாடி நின்று மேலே போகும். இரும்பில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தின் டயாவை மைக்ரோஸ்கோப்பில் அளக்க வேண்டும். பள்ளம் அகலமானால் இரும்பு மெத்து, குறுகலானால் கெட்டி. குண்டுக்கும் டயா, பள்ளத்துக்கும் டயா, ஷாஃப்டுக்கும் டயா. ஆரம் என்று ஒன்று இருப்பதாகவே அந்தக் கம்பெனியில் யாரும் காட்டிக்கொண்டதில்லை. முப்பத்தைந்து என்று சொன்னால் கேட் வாட்ச்மேனுக்குக்கூட அது டயா என்று தெரியும்.

அவள் வந்த முதல் வாரம். நான் மைக்ரோஸ்கோப்பைத் துடைத்து, விளக்கைச் சரிசெய்து, கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னொரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் பள்ளத்தைத் தடவிவிட்டு, "நாலு புள்ளி ஒண்ணு" என்றாள். அளந்து பார்த்தால் நாலு புள்ளி ஒன்று. லேப் இன்சார்ஜ் ஆரம்பாக்கத்துக்காரர், பாதித் தெலுங்கு பேசுவார். பத்துத் துண்டை வரிசையாக வைத்து அவளைத் தடவச் சொன்னார். எட்டு சரியாக வந்தது. "அம்மாயி, நீ மனுசியா மிஷினா?" என்று கேட்டார். அந்த மைக்ரோஸ்கோப்பில் ஒழுங்காகப் பார்க்க எனக்கு நாலு மாதம் பிடித்திருந்தது. அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல்.

ஒரு முறை என் தப்பையும் அந்தக் கட்டைவிரல்தான் கண்டுபிடித்தது. ஒரு பள்ளம் போட்ட இடத்தை ஒட்டி இன்னொரு பள்ளம் போடக்கூடாது. ஏற்கனவே அமுங்கிய இடத்தைச் சுற்றி இரும்பு இறுகிப்போயிருக்கும், உள்ளதைவிடக் கெட்டியாகக் காட்டும். துண்டு சின்னது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது, நான் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். மெத்தான சரக்கு நல்ல சரக்கு என்று ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது. அவள் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள்: "ரெண்டும் ஒட்டிக்கினு கீதுடி. இன்சார்ஜ் பாக்கறதுக்குள்ள மாத்திடு." மாற்றுத் துண்டை அவளே வெட்டினாள், அவளே தேய்த்தாள். என்னோடு சேர்ந்து அவளும் ரயிலை விட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கு நன்றி வந்தது. என் தப்பு ஒன்று இவள் கையில் இருக்கிறதே என்ற எரிச்சலும் கூடவே வந்தது.

இப்போது நட்சத்திரத்துக்கு வருகிறேன். நட்சத்திரத்தை அவளுக்குச் சொன்னவள் நான். இந்த வரியைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

படிக்கும் காலத்திலிருந்தே எனக்கு ஈர்ப்பலைகள்மேல் பைத்தியம். இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதின, அதன் அதிர்வு பூமி வரைக்கும் வந்தது, கருவியில் பதிந்தது என்று செய்தி வந்தபோது நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவள். அதில்தான் ஆராய்ச்சி செய்வேன், லேப் வேலை சும்மா இரண்டு வருஷம் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். ஒரு நாள் ரயிலில் அவளுக்கும் சொன்னேன். "அந்த நட்சத்திரம் சூரியனவிட எடை ஜாஸ்தி. ஆனா அகலம் எவ்ளோ தெரியுமா? இந்தப் பக்கம் பொன்னேரி, அந்தப் பக்கம் ஆரம்பாக்கம். நடுவுல நம்ம கும்மிடிப்பூண்டி. அவ்ளோதான்."

அவள் கொய்யாவைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவரப்பேட்டை தாண்டியதும் கேட்டாள்: "அமுங்குமா?"

"இன்னாது?"

"அந்த நட்சத்திரம்தான். பக்கத்துல இன்னொண்ணு சுத்துனா இழுக்கும்ல? எங்க முகத்துவாரத்துல நெலா இழுத்துத்தானே தண்ணி ஏறுது, வத்துது. அந்த மாரி இது எவ்ளோ நெளியும்?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் நட்சத்திரம் நட்சத்திரம் என்று அலைந்தவளுக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அந்தத் துறையில் அதுதான் பெரிய கேள்விகளில் ஒன்று, அதை மட்டுமே வைத்து ஆட்கள் வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி செய்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இவள் கவரப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், வாயில் கொய்யாவோடு கேட்டுவிட்டாள்.

அத்தோடு விட்டாளா? பழவேற்காடு பஸ்ஸில் போக வர, போனில் கட்டுரைகளை இறக்கிப் படிக்க ஆரம்பித்தாள். மறுவாரம் எனக்கே பாடம் எடுத்தாள். நட்சத்திரங்கள் நெளியும்போது அந்த நெளிவுக்குக் கொஞ்சம் சக்தி போய்விடுமாம். அதனால் போட்ட கணக்கைவிடத் துளி முன்னாலேயே மோதிக்கொள்ளுமாம். ஈர்ப்பலையின் கடைசித் துடிப்புகளில் அந்த அவசரம் தெரியுமாம். அதை அளந்தால் நட்சத்திரம் எவ்வளவு நெளிந்தது என்று தெரியும், நெளிந்தது தெரிந்தால் உள்ளே என்ன சரக்கு என்று சொல்லலாம். "நம்ம மிஷின் வேலதாண்டி இது. இன்னா, குண்டுக்கு பதிலா இன்னொரு நட்சத்திரம்" என்றாள்.

விடக்கூடாதென்று நானும் ஒன்று சொன்னேன். "அப்போ கெட்டியான சரக்குல ஆன நட்சத்திரம் கம்மியா நெளியும்."

"இல்லடி. அங்க தலகீழு."

"சும்மா உளறாத." கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் டீ ஒன்று பந்தயம் வைத்தேன். தினமும் இரும்பை அமுக்குகிறவள் நான், எனக்குத் தெரியாதா?

"மெத்தான சரக்கு அதோட எடைய அதாலயே தாங்க முடியாம சுருங்கிப் பூடும். சின்னதா, இறுகிக்கினு உக்காந்துடும். அத்த இழுத்தா பெரிசா நெளியாது. கெட்டியான சரக்குதான் தாங்கிக்கினு பெரிசா நிக்கும். பெரிசா நிக்கிறதுதான் நல்லா நெளியும்." வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி. மறுநாள் டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் அந்த டீ கிளாஸையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

"அப்போ கருந்துளை?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுதாண்டி அமுங்காது. கணக்கு போட்டா அதோட நெளிவு சைபர்னு வருது. எவ்ளோ இழுத்தாலும் ஒண்ணுமே திருப்பித் தராது. தந்தா நட்சத்திரம், சைபர்னா கருந்துளை."

அன்றிலிருந்து அவளுக்கு ஊரில் எல்லாரும் இந்தக் கணக்கில் வந்துவிட்டார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் லீவு தராத மேனேஜர் சைபர். மேற்கொண்டு படிக்கிறேன் என்று ஒரு வாரம் அழுதும் மனசு இளகாத அவள் அண்ணன் சைபர். கொய்யாக்கார அம்மா மட்டும் தப்பித்தது. "அது சைபர் இல்லடி. திட்டிக்கினே ஒண்ணு சேத்துப் போடுது பாரு."

அந்த வருஷம் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆள் எடுத்தார்கள். நான் விண்ணப்பித்தேன். நான் சொல்லித்தான் அவளும் விண்ணப்பித்தாள். அதற்குள் என் வாயிலிருந்து அவ்வளவும் வந்துவிட்டிருந்தது, அதை மட்டும் மறைத்து என்ன பிரயோஜனம்? எழுத்துத் தேர்வில் இரண்டு பேரும் தேறினோம். நேர்முகத்துக்கு ஒரே நாளில் கூப்பிட்டார்கள். இந்த நட்சத்திர விஷயத்தில் வழிகாட்டுகிற பேராசிரியர் ஒருவர்தான், அவர் அந்த வருஷம் எடுத்துக்கொள்ளப்போவது ஒருவரைத்தான். அது நானா அவளா என்பதுதான் கேள்வி. இது எங்கள் இருவருக்குமே தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நேர்முகத்துக்கு முதல் நாள் மத்தியானம், லேபில் சாப்பிட்டு முடித்ததும், நாலு தாளை என் முன்னால் வைத்தாள். கையால் எழுதிய குறிப்பு. போர்டில் போட்டுக் காட்டச் சொன்னால் போடுவதற்கு ஒரு கணக்கு. "ஒரு தபா பாருடி. நீதானே எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தவ" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாள்.

மூன்றாவது தாளில் இருந்தது. நட்சத்திரம் எவ்வளவு நெளியும் என்பதற்கான சூத்திரம். அதில் நட்சத்திரத்தின் ஆரத்தைப் போட வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர். அவள் இருபத்துநான்கு என்று போட்டிருந்தாள். டயா! வேறு யாராவது செய்வார்களா இந்தத் தப்பை? தினமும் டயா, டயா என்று சொல்லிச் சொல்லி, நட்சத்திரத்துக்கும் டயாவைப் போட்டு வைத்திருந்தாள். அந்தச் சூத்திரத்தில் ஆரத்தை ஐந்து தடவை பெருக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு போட்டால் விடை முப்பத்திரண்டு மடங்காகிவிடும். கடைசிப் பெருக்கலைப் போர்டில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். போட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும்.

என் கை தன்னால் பென்சிலை எடுத்து அந்த இருபத்துநான்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. நான் அழுத்தி எழுதுகிறவள், சின்ன வயதிலிருந்தே அப்படி.

வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே அவள் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டே கைகழுவுவது கேட்டது. என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். நான் சொன்ன நட்சத்திரம், நான் சொன்ன விண்ணப்பம், கடைசியில் தப்பையும் நானே திருத்திக் கொடுத்து, சீட்டையும் இவளே வாங்கிக்கொண்டு போகணுமா? நான் என்ன இவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேனா? இவள் பாட்டுக்கு மீன் கூடையிலிருந்து எழுந்து வந்து, அமுங்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போவாள், நான் ஓரமாக நின்று கைதட்டணுமா? அப்படியே நினைத்தேன், மீன் கூடை என்றுதான் நினைத்தேன். ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்தேன். தூளை ஊதினேன்.

"எப்பிடி கீது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"சரியா இருக்குடி."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் சென்னை ரயில் ஏறினோம். அவள் தாள்களை மடியில் வைத்துக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தாள். கையில் எது இருந்தாலும் அப்படித்தான் செய்வாள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு என் பயம்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். கேட்டதற்கெல்லாம் சரியான பதில் சொன்னேன், ஒன்றுகூடத் தப்பில்லை. இருபது நிமிஷத்தில் தேங்க்யூ என்றார்கள். பிறகு அவள் உள்ளே போனாள். இருபது நிமிஷம் ஆனது, நாற்பது ஆனது. கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. நேர்முகத்தில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

வெளியே வந்து என் எதிரில் நின்றாள். "தப்பு பண்ணிட்டேன்டி. ஆரத்துக்கு பதிலா டயா போட்டுட்டேன்."

"ஐயோ!" என்றேன். நல்ல சத்தமாகத்தான் சொன்னேன்.

"நீயும் பாக்கலியா?"

"இல்லடி, நான் கவனிக்கவே இல்ல."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி வா, டீ குடிக்கலாம்" என்றாள்.

என் சந்தோஷம் டீக்கடை வரைக்கும்தான் தாங்கியது. அங்கே வைத்து முழுக் கதையையும் சொன்னாள். போர்டில் பெருக்கியபோது நானூற்றுச் சொச்சம் வர வேண்டிய இடத்தில் பதினாலாயிரம் வந்திருக்கிறது. நிச்சயமாகவா என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். இவள் திரும்பிப் பார்த்து நேராக அந்த இருபத்துநான்கில் விரலை வைத்து, "சார், இது எங்க கம்பெனி புத்தி சார்" என்று சிரித்திருக்கிறாள். அதென்ன கம்பெனி புத்தி என்று கேட்க, குண்டு, பள்ளம், டயா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அப்படியே மீனை அமுக்குவதற்குப் போயிருக்கிறாள். கெட்டி இரும்பு ஏன் குறைவாக அமுங்குகிறது, கெட்டி நட்சத்திரம் ஏன் அதிகம் நெளிகிறது என்று அரை மணி நேரம் அவர்களோடு சண்டையே போட்டிருக்கிறாள். தப்பே இல்லாமல் பதில் சொன்ன என்னிடம் அவர்களுக்குக் கேட்க ஒன்றுமே இருக்கவில்லை.

சீட்டு அவளுக்கு. எனக்கு வருத்தத்துடன் ஒரு மின்னஞ்சல்.

என் அம்மா நெல்லைத் துழாவிக்கொண்டே கேட்டார்: "அந்த மீங்காரம்மா பொண்ணு போவுதாமே. நீ இன்னாத்துக்கு இங்க கெடக்குற?" எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பதில் சொல்லாமல் உள்ளே போய் அழுதேன். நான் செய்த காரியம்தான் அவளை அந்த அறையில் அவ்வளவு நேரம் பேசவைத்தது என்று நினைக்க நினைக்க அழுகை கூடியது.

அவள் கிளம்ப இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் ஒரே ரயில், ஒரே லேப். கொய்யாவை அமுக்கினாள், ஜன்னல் ரப்பரை அமுக்கினாள். என் கையை மட்டும் அமுக்கவில்லை. சீட்டு கிடைத்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு ஏழு வருஷம். நான் மறுபடி எங்கும் விண்ணப்பிக்கவில்லை. ஆரம்பாக்கத்துக்காரர் ஓய்வு பெற, நான் லேப் இன்சார்ஜ் ஆனேன். கல்யாணம், ஒரு பெண் குழந்தை. அவள் பொங்கலுக்கும் என் பிறந்தநாளுக்கும் செய்தி அனுப்புவாள். நலம் விசாரிப்பாள், படிப்பைப் பற்றி இரண்டு வரி எழுதுவாள், கடைசியில் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: "வேற ஏதாச்சும் சொல்லணுமா?" நானும் ஒவ்வொரு தடவையும் "வேற ஒண்ணும் இல்ல" என்று அனுப்புவேன்.

போன மாதம் கம்பெனி முகவரிக்கு எனக்கு ஒரு கூரியர் வந்தது. அவளுடைய ஆய்வேடு, புத்தகமாகக் கட்டியது. முழுக்க ஆங்கிலம். நன்றி சொல்லும் பக்கத்தில் மட்டும், பேராசிரியர்கள் பெயருக்கெல்லாம் மேலே, தமிழில் ஒரு வரி: "எனக்கு நட்சத்திரத்தைக் காட்டி, இருபத்துநாலைச் சுற்றி வட்டம் போட்டவளுக்கு."

புத்தகத்தின் நடுவில் பழைய தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த மூன்றாவது தாள். இருபத்துநான்கின்மேல் அவள் பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தீட்டியிருந்தாள். சுற்றிலும் கறுப்பாக, நடுவில் நான் அழித்த வட்டம் வெள்ளையாக எழுந்து நின்றது. ரப்பர் பென்சில் கரியைத்தான் எடுத்திருக்கிறது. என் கை அழுத்திய பள்ளம் ஏழு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது.

ஃபர்னஸ் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் அவளுக்குப் போன் போட்டேன்.

"புக்கு வந்துச்சா?" என்றாள்.

"எப்போடி தெரியும் உனக்கு?"

"ரயில்லயே. தடவிக்கினு வந்தேனே, வட்டம் கையில மாட்டிச்சி. நீ சந்தேகப்பட்டு வட்டம் போட்டு, அப்பறம் சரின்னு அழிச்சிட்டன்னு நெனச்சிக்கினேன். போர்டாண்ட நிக்கும்போது பதினாலாயிரம் வந்திச்சி பாரு, அப்பதான் புரிஞ்சிச்சி. அந்த வட்டம் இல்லாங்காட்டி நான் எங்கன்னு தேடியிருப்பேன்? பேஜாரா பூட்டிருக்கும்."

"அன்னிக்கே ஏன்டி கேக்கல?"

"கேட்டனே. நீயும் பாக்கலியான்னு கேட்டேன்ல?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்பறமும் கேட்டுக்கினுதான் இருந்தேன். வேற ஏதாச்சும் சொல்லணுமா, வேற ஏதாச்சும் சொல்லணுமான்னு, ஏழு வருசமா. நீ அசையவே இல்லடி."

ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் சைக்கிளை எடுக்க வந்துகொண்டிருந்தார்கள். இன்சார்ஜ் மேடம் ஸ்டாண்டில் நின்று அழுகிறதே என்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

"பாத்தேன்டி," என்றேன். "தப்புன்னு தெரிஞ்சிதான் வட்டம் போட்டேன். தெரிஞ்சேதான் அழிச்சேன். நீ போகக்கூடாதுன்னு அழிச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்பாடா," என்றாள். "நீ சைபர் இல்லடி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், அம்மாவைப் பார்த்துவிட்டு நேராக உன் ஊட்டுக்குத்தான், மீன் வாங்கி வை, அமுக்கிப் பார்த்து வாங்கு என்றாள். சரி என்றேன். போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மனசு லேசாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. ஏழு வருஷம் ஒருத்தி கோபப்படாமல் காத்திருந்திருக்கிறாள், என்னால் ஏழு நாள்கூட முடியாது என்று நினைத்தபோது மறுபடியும் வயிறு எரிந்தது.

எரியட்டும். அவள் வரும்போது கையை நீட்டப்போகிறேன், முழங்கைக்கு மேலே அமுக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.